69 சொல்லில் அமெரிக்கா: நைட் ஷிப்ட் காதுக்கு ஓர் இலவச ஒலிக்கிடங்கு

பெங்களூரில் வாய்ஸ் அண்ட் ஆக்சென்ட் வகுப்புக்குப் பஞ்சமே இல்லை. மாரத்தஹள்ளியிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை போர்டு தொங்குகிறது. வழக்கமான வகுப்பில் ‘அமெரிக்கன் ஆக்சென்ட்’ என்று ஒன்றே ஒன்றுதான் விற்பனைக்கு இருக்கும்: நாக்கைச் சுருட்டி ‘ர்’ சொல்வது, ‘வாட்டர்’ என்பதை ‘வாடர்’ ஆக்குவது, ‘ஷெட்யூல்’ என்பதை ‘ஸ்கெஜூல்’ ஆக்குவது. நாம் பேச அது போதும், கேட்கப் போதாது. ஹெட்செட்டில் வருகிறவர் பஃபலோவிலிருந்தோ பர்மிங்ஹாமிலிருந்தோ பாஸ்டனிலிருந்தோ பேசுவார். மூவரும் பிறவி அமெரிக்கர்கள்தான், ஆனால் வகுப்பில் கேட்ட அமெரிக்கன் ஆக்சென்ட் மூவரிடமும் இருக்காது.

சேலம், தர்மபுரி, வேலூர்ப் பக்கமிருந்து இங்கே ஏ.ஆர். காலிங் (அமெரிக்க மருத்துவமனைகளின் பில் பாக்கிக்காகப் போன் செய்வது), டெக் சப்போர்ட் வேலைக்கு வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வாய் பிரச்சினை இல்லை, காதுதான் பிரச்சினை. அந்தக் காதுக்குப் பொருத்தமான கருவி, ஸ்பீச் ஆக்சென்ட் ஆர்க்கைவ் என்ற இணையக் கிடங்கு. தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிடலாம்: ஊர் ஊராகக் கேட்டுப் பழக இலவசத்தில் இவ்வளவு ஒழுங்கான பொருள் கிடைப்பது அபூர்வம். பேசிப் பழக இது பாதிக் கருவிதான். போனில் உண்மையில் குழப்பும் சில விஷயங்கள் இதில் அறவே கிடையாது.

வர்ஜீனியாவில் இருக்கும் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் வைன்பெர்கர் என்ற மொழியியலாளர் 1999-இல் தொடங்கியது இது. எல்லோரும் ஒரே பத்தியைப் படிக்கிறார்கள், 69 சொல். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, கடையிலிருந்து பட்டாணி, சீஸ், ப்ளாஸ்டிக் பாம்பு, பொம்மைத் தவளை எல்லாம் வாங்கி வரச் சொல்லும் ஒரு வேடிக்கையான மளிகைச் சீட்டு. கதையாகப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம், ஒலிக்காகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். ஆங்கிலத்தின் பெரும்பாலான மெய்களும் உயிர்களும் கூட்டெழுத்துகளும் அதற்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. பதிவுகள் 2,000-ஐத் தாண்டும். ஒவ்வொன்றோடும் பேசுபவர் பிறந்த ஊர், வயது, தாய்மொழி, எந்த வயதில் ஆங்கிலம் கற்றார் என்ற விவரம் இருக்கும். பலவற்றுக்கு ஐ.பி.ஏ. ஒலியெழுத்தில் எழுதிய வடிவமும் உண்டு. ஒரு பதிவு ஏறக்குறைய அரை நிமிடம்.

எல்லோரும் ஒரே பத்தியைப் படிப்பதுதான் இதன் பலம். யூட்யூபில் ‘டெக்சஸ் ஆக்சென்ட்’ என்று தேடினால் நடிகர்கள் மிகைப்படுத்திப் பேசுவதுதான் முதலில் வரும். இங்கே நடிப்பு இல்லை. ஒருவர் சொன்ன ‘ஃபைவ்’ பக்கத்திலேயே இன்னொருவர் சொன்ன ‘ஃபைவ்’ வைத்துக் கேட்கலாம். துணிக்கடையில் இரண்டு புடவையை வெளிச்சத்தில் ஒன்றாகப் பிடித்துப் பார்ப்பது மாதிரி.

மொழிப் பட்டியலில் ஆங்கிலத்தைத் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் ஊரும் மாநிலமும் தெரியும். எந்த ஊரை எடுப்பது என்பதற்கு வில்லியம் லபோவ், ஷரோன் ஆஷ், சார்லஸ் போபெர்க் மூவரும் 2006-இல் வெளியிட்ட வட அமெரிக்க ஆங்கில அட்லஸின் எல்லைகளைப் பின்பற்றினால் போதும். அலபாமா அல்லது டெக்சஸிலிருந்து ஒருவர், சிகாகோ, டெட்ராய்ட், பஃபலோ இவற்றில் ஒன்று, மினசோட்டா அல்லது விஸ்கான்சின், பாஸ்டன், நியூயார்க், கலிபோர்னியா. தொடக்கத்துக்கு ஆறு பேர். 50 வயதைத் தாண்டியவர்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இளையவர்களிடம் பல இடங்களில் வட்டார ஒலி தேய்ந்து வருகிறது. பாஸ்டன் இளைஞர் பலர் ‘ர்’ சொல்லத் தொடங்கிவிட்டார்கள், பஃபலோ பக்கத்து இளையவர்களும் தாத்தா பேசியதுபோல் பேசுவதில்லை. ஆனால் இன்ஷூரன்ஸ் விஷயமாகப் பேச வேண்டிய நோயாளிகள் பெரும்பாலும் தாத்தா பாட்டிகள்தானே.

முழுப் பத்தியையும் திரும்பத் திரும்பக் கேட்டால் தூக்கம்தான் வரும். சில சொற்களை மட்டும் குறிவைக்க வேண்டும்.

முதலில் ‘ஃபைவ்’. தென் மாநிலத்துக்காரர் வாயில் ‘ஐ’ ஒலியின் வால் உதிர்ந்துவிடும்: ‘ஃபாவ்’. இந்த ஒரு சொல்லைப் பிடித்துவிட்டால் எண்களில் பாதி வசம். ஏனென்றால் ‘நைன்’ அங்கே கிட்டத்தட்ட நம்முடைய ‘நான்’. மெம்பர் ஐடி கேட்கும்போது அலபாமாப் பாட்டி ‘ஃபாவ் நான் நான்’ என்றால் 5, 9, 9. விமானிகள் ஒன்பதை ‘நைனர்’ என்று நீட்டிச் சொல்வதும் ஐந்தோடு ஒன்பது குழம்பக் கூடாது என்பதற்குத்தான்.

அடுத்து ‘வென்ஸ்டே’. தெற்கில் மூக்கொலிக்கு முன் வரும் ‘எ’, ‘இ’ ஆகிவிடும்: ‘வின்ஸ்டே’. பென்னும் பின்னும் அங்கே ஒன்று. அதனால்தான் பேனாவை ‘இங்க் பென்’ என்று அடைமொழி போட்டுச் சொல்கிறார்கள். நமக்கு இது கிழமையில் இடிக்காது, எழுத்தில்தான் இடிக்கும். ‘எம்’, ‘என்’ என்ற எழுத்துகள் ‘இம்’, ‘இன்’ என்று வரும். போன் வயரில் ம், ன் இரண்டும் ஏற்கெனவே ஒட்டிப் பிறந்தவை. அதோடு உயிரொலியும் எதிர்பார்த்ததுபோல் இல்லாவிட்டால் பாலிசி எண் தப்பாமல் என்ன செய்யும்? ‘மேரி மாதிரியா, நான்சி மாதிரியா’ என்று உடனே கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது ‘பாப்’ என்ற பெயர். சிகாகோ, டெட்ராய்ட், க்ளீவ்லேண்ட், பஃபலோ வட்டாரத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மொழியியலாளர்கள் பின்தொடரும் ஓர் உயிரொலிச் சுழற்சி இருக்கிறது. வரிசையில் நிற்பவர்கள் ஆளுக்கு ஓர் அடி நகர்ந்தது மாதிரி, ஒரு ஒலி நகர்ந்த இடத்துக்கு அடுத்தது வந்து உட்கார்ந்துவிட்டது. ‘ஸ்நேக்’ என்று நாம் எழுதும் நொறுக்குத்தீனி ‘ஸ்நியக்’ ஆகிறது. ‘ப்ளாக்’ என்ற தெரு வட்டம், ‘பிளேக்’ என்ற கறுப்பு போலக் கேட்கிறது. டான் என்ற பெயர் டேன் என்று காதில் விழும். இந்தப் பதிவுகளில் ‘பாப்’, ‘ஸ்நேக்’ இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பத்தியில் அவை ஒரே வாக்கியத்தில் மூன்றே சொல் இடைவெளியில் வருவது வசதி.

‘பேக்ஸ்’ பற்றி ஒரு வேடிக்கை. பையைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் ‘பேக்’ என்று எழுதுகிறோம், எழுதியபடியே நெடில் ஏகாரம் போட்டுப் படிக்கவும் செய்கிறோம். அது தப்பு என்று வகுப்பில் திருத்துவார்கள். ஆனால் மினசோட்டா, விஸ்கான்சின் ஆட்கள் பலர் கிட்டத்தட்ட நாம் எழுதுகிற மாதிரியேதான் சொல்கிறார்கள். அதற்காக ‘நானும் மினசோட்டா’ என்று அழைப்பின் தரத்தைச் சோதிக்கும் க்யூ.ஏ.விடம் வாதாட முடியாது.

கூப்பிடு என்னும் ‘கால்’, தவளை என்னும் ‘ஃப்ராக்’ இரண்டும் மேற்கையும் கிழக்கையும் பிரிக்கும் சொற்கள். கலிபோர்னியாவில் ‘கால் ஸ்டெல்லா’ என்பதன் முதற்சொல் நம் கை காலில் வரும் கால் போலவே வாய் திறந்து வரும். நியூயார்க்கில் உதடு குவிந்து ஓகாரம் கலந்து வரும், அவர்கள் ஊர் ‘காஃபி’ மாதிரி. மேற்கில் டான் என்ற ஆண் பெயருக்கும் டாவ்ன் என்ற பெண் பெயருக்கும் உச்சரிப்பில் வித்தியாசமே கிடையாது. காதைக் கூர்மையாக்கி இங்கே பயனில்லை, ஸ்பெல்லிங் கேட்பதுதான் வழி. பாஸ்டன் பதிவில் ‘ஸ்டோர்’, ‘ஹெர்’, ‘ப்ரதர்’ மூன்றையும் பாருங்கள், ர் கரைந்துவிடும். வகுப்பில் கஷ்டப்பட்டுச் சுருட்டக் கற்ற நாக்கு அங்கே சும்மா படுத்திருக்கிறது.

‘ஆஸ்க் ஹெர்’ என்பதில் ஒரு கவனம். சிலர் ‘ஆக்ஸ்’ என்பார்கள். கறுப்பின அமெரிக்கர் பேச்சில் இது சாதாரணம், பழைய ஆங்கிலத்திலேயே இருந்த வடிவம்தான். பிழை என்று நினைத்துத் திருத்தும் தொனியில் திரும்பச் சொன்னால் கால் அங்கேயே கெட்டுவிடும். கிடங்கின் ஒரு குறையும் இங்கே தெரிகிறது. விவரக் குறிப்பில் பிறந்த ஊர் இருக்கிறது, எந்தச் சமூகத்துப் பேச்சு என்பது இல்லை. டெட்ராய்ட்டில் பிறந்த இருவர் இரண்டு விதமாகப் பேசக்கூடும். கறுப்பின ஆங்கிலம் அட்லாண்டாவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் பல கூறுகளைப் பகிர்ந்துகொள்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் நம்பி ‘இதுதான் டெட்ராய்ட்’ என்று மனதில் பதித்துவிடக் கூடாது. ஓர் ஊருக்கு ஓர் ஆளை மட்டும் கேட்பதும் அதே காரணத்தால் ஆபத்து.

இனி இல்லாதவை. இதுதான் பெரிய மனக்குறை. அந்த 69 சொல்லில் ஆறு, ஐந்து, மூன்று என்ற எண்கள் மட்டுமே உண்டு. பதின்மூன்றும் முப்பதும் இல்லை, பதினைந்தும் ஐம்பதும் இல்லை. கால்களில் பணத்தொகை தப்புவது அங்கேதான். அமெரிக்கர் ‘தர்டி’ என்னும்போது ட் மென்மையாகி ‘ட’வுக்கும் ‘ர’வுக்கும் நடுவில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகும். ‘தர்ட்டீன்’ என்னும்போது ட் காற்றோடு வெடிக்கும், ஈகாரமும் நீளும். கடைசி ‘ன்’ கேட்கிறதா என்று காத்திருப்பது வீண். பல நேரம் அது அடுத்த சொல்லோடு ஒட்டிப்போய்விடும். நடு ‘ட்’ வெடித்ததா தட்டியதா என்று கேளுங்கள். சந்தேகமிருந்தால் ‘ஒன் த்ரீயா, த்ரீ ஜீரோவா’ என்று இலக்கம் பிரித்து உறுதி செய்யுங்கள். நம் பழக்கத்தில் ‘டபுள் ஃபைவ்’, ‘ட்ரிப்பிள் ஜீரோ’ என்று சொல்வதையும் விட்டுவிடுவது நல்லது. அங்கே இலக்கங்களைத் தனித்தனியாகச் சொல்வதே வழக்கம்.

‘கேன்’, ‘கான்ட்’ சோடியில் பாதிதான் இருக்கிறது. ‘ஷி கேன் ஸ்கூப்’ என்ற இடத்தில் அமெரிக்கர் யாராக இருந்தாலும் அந்தக் ‘கேன்’ வெறும் ‘க்ன்’ என்று சுருங்கிவிடுவதைக் கேட்கலாம். எதிர்மறையில் உயிரொலி முழுதாக வரும், கடைசி ‘ட்’ தொண்டையிலேயே அடைபட்டு நின்றுவிடும். ஆகவே ‘முடியும்’, ‘முடியாது’ இரண்டையும் பிரிப்பது ‘ட்’ அல்ல, நடுவில் இருக்கும் உயிர். இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். நாம் ‘ஐ கேன் ஹெல்ப் யூ’ என்று ‘கேன்’ஐ அழுத்திச் சொன்னால், ‘உதவ முடியாது’ என்று சொன்னதாக அவர் காதில் விழ வாய்ப்பு அதிகம்.

ஊர்ப் பெயர்களுக்கும் இந்தக் கிடங்கு உதவாது. அதற்கு யூக்ளிஷ் என்ற இணையதளம் நல்ல துணை. சொல்லைக் கொடுத்து ‘அமெரிக்கா’ என்று தேர்ந்தால், அந்தச் சொல் வரும் யூட்யூப் துண்டுகளை வரிசையாக ஓட்டிக் காட்டும், வேகத்தையும் குறைக்கலாம். எந்த மாநிலத்துப் பேச்சு என்று மட்டும் சொல்லாது. பழக வேண்டிய பெயர்கள் சில: டெக்சஸில் இருப்பது ‘ஹ்யூஸ்டன்’, நியூயார்க்கில் அதே எழுத்தில் இருக்கும் தெரு ‘ஹௌஸ்டன்’. இல்லினாய் என்பதில் கடைசி ‘ஸ்’ வாய்க்கு வரக் கூடாது. டெமாய்ன் என்பதிலும் அப்படித்தான். ஆர்கன்சா வேறு, கேன்சஸ் வேறு. மாசசூசெட்ஸின் ‘வுஸ்டர்’ எழுத்தில் முழ நீளம் இருக்கும். இல்லினாயில் கெய்ரோ என்று எழுதி ‘கேரோ’ என்கிற ஊர் உண்டு. கென்டக்கியில் பிரெஞ்சு அரண்மனையின் பெயர் கொண்ட ஊரை உள்ளூர்க்காரர்கள் ‘வர்சேல்ஸ்’ என்கிறார்கள். க்ளெய்மில் முகவரியைச் சரிபார்க்கும்போது எழுத்துப்படி படித்தால் எதிர்முனையில் ஒரு நிமிட அமைதி நிச்சயம்.

பேசிப் பழகும் பாதிக்கு வருவோம். கிடங்கில் தமிழ்த் தாய்மொழிக்காரர்களின் பதிவுகளும் இருக்கின்றன. அவற்றைச் சிரிப்பதற்காகக் கேட்காமல் கண்ணாடியாகப் பயன்படுத்த வேண்டும். அதே பத்தியைப் போனில் நீங்களே படித்துப் பதிந்து, ஓர் அமெரிக்கப் பதிவையும் ஒரு தமிழ்ப் பதிவையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். எம்.டி.ஐ. (தாய்மொழித் தாக்கம்) என்று மொத்தமாகத் திட்டு வாங்கும் விஷயம் உண்மையில் நான்கைந்து தனித்தனி இடங்கள்தான் என்பது தெரியும்.

முதலிடம் காற்று. தமிழ் ‘ப’வில் காற்று வெளியே தள்ளப்படுவதில்லை. அமெரிக்கர் சொல் முதலில் அந்தக் காற்றை வைத்துத்தான் ‘ப்’ என்று முடிவு செய்கிறார். காற்றில்லாத ‘பீஸ்’ பட்டாணியாக இல்லாமல் தேனீயாக அவர் காதில் போய் விழும். டிஷ்யூ பேப்பரை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து உதட்டுக்கு முன் நான்கைந்து சென்டிமீட்டரில் பிடித்து ‘பீஸ்’ சொல்லுங்கள், தாள் அசைய வேண்டும். ‘ஸ்பூன்’ சொல்லுங்கள், அசையக் கூடாது, ஸ்-க்குப் பின் வரும் ப்-க்கு அமெரிக்கருக்கும் காற்று கிடையாது. ‘கால்’, ‘கிட்ஸ்’, ‘டாய்’ மூன்றுக்கும் இதே சோதனை. ‘டாய்’ சொல்லும்போது நாக்கு நுனி மேலே மடங்காமல் மேற்பல்லின் ஈறில் முட்ட வேண்டும். காற்றும் இல்லாமல் நாக்கும் மடங்கினால் அவருக்கு அது ட அல்லாத வேறெதுவோ.

இரண்டாவது, இந்தப் பத்தியில் ‘ஸ்’ எழுத்தில் எழுதி அதிர்வோடு ஒலிக்க வேண்டிய இடங்கள் சரியாக 12: ப்ளீஸ், தீஸ் இரண்டு முறை, திங்ஸ் இரண்டு முறை, ஸ்பூன்ஸ், பீஸ், ஸ்லாப்ஸ், சீஸ், கிட்ஸ், பேக்ஸ், வென்ஸ்டே. தமிழ் எழுத்தில் இந்த வித்தியாசத்தைக் காட்டவே வழியில்லை, நாம் 12-ஐயும் பாம்பு சீறுவது மாதிரி ‘ஸ்ஸ்’ என்றே முடிப்போம். தொண்டையில் இரண்டு விரல் வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று தொடங்கி, வாயை மாற்றாமல் குரலை மட்டும் திறந்தால் விரல் அதிரும். அதுதான் அந்த ஒலி. ‘ஜ’ அல்ல. ஸ்பெல்லிங் சொல்லும்போது ‘ஜீப்ரா’ என்றால் எதிர்முனையில் ஜி அல்லது ஜே எழுதிக்கொள்வார்கள்.

மூன்றாவது நீளம். ‘பேக்ஸ்’ என்பதில் பைக்கும் முதுகுக்கும் உள்ள வித்தியாசத்தை அமெரிக்கக் காது கடைசி மெய்யில் மட்டும் தேடுவதில்லை, அதற்கு முன்னிருக்கும் உயிரின் நீளத்திலும் தேடுகிறது. அதிரும் மெய்க்கு முன் உயிரை இழுக்க வேண்டும். பட்டாணி ‘பீஸ்’ நீளம், அமைதி ‘பீஸ்’ குறுகல். மற்றவை சுருக்கமாக: ‘பிக் டாய்’ என்பது ‘பிக்கு டாய்’ ஆகாமல் கடைசி உகரத்தை விழுங்குங்கள், ‘வி’, ‘வித்’, ‘வென்ஸ்டே’க்கு உதடு குவியட்டும், ‘ஃபைவ்’வின் கடைசியில் மேற்பல் கீழுதட்டைத் தொடட்டும், எழுத்துகளை ‘யெம்’, ‘யென்’ என்று ய் ஒட்டிச் சொல்ல வேண்டாம்.

ஒலித்தரம் ஒரு வினோதமான பிரச்சினை. பதிவுகள் போனைவிடத் தெளிவு. பழைய தொலைபேசித் தடம் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ‘ஸ்’ ஒலியின் பலம் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அதனால்தான் எஃப்பும் எஸ்ஸும் போனில் ஒன்றாகிவிடுகின்றன. தெளிவான பதிவில் பழகிய காது முதல் கால் வந்ததும் தடுமாறும். இதற்கு மருந்து உண்டு: பதிவை இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் திறந்து, முழுவதையும் தேர்ந்து, ஹை-பாஸ் ஃபில்டரில் 300, லோ-பாஸ் ஃபில்டரில் 3,400 கொடுத்து, ரோல்-ஆஃப் 24 டெசிபலில் வைத்து ஓட்டுங்கள். அசல் ஹெட்செட் குரல் கிடைத்துவிடும். பின்னால் மெலிதாகக் கால் சென்டர் இரைச்சலைச் சேர்ப்பது உங்கள் தைரியத்தைப் பொறுத்தது.

சின்னச் சின்னப் புகார்கள். தளத்தின் தோற்றம் பழசு, போன் திரையில் தடவித் தடவித்தான் போக வேண்டும். படிப்பது ஒரு குரல், பேசுவது வேறு குரல். சீட்டைப் படிக்கும்போது ஆட்கள் ஒழுங்காகிவிடுகிறார்கள், வட்டாரம் கொஞ்சம் ஒளிந்துகொள்கிறது. இயல்பான பேச்சு வேண்டுமானால் பால் மயர் 1998-இல் தொடங்கிய ஐ.டி.ஈ.ஏ. என்ற இன்னொரு கிடங்கு உண்டு, அங்கே பத்தியோடு சொந்தப் பேச்சும் சில நிமிடம் இருக்கும். நடிகர்களுக்காகத் தொடங்கியது, நமக்கும் ஆகும். பல இன்ஷூரன்ஸ் லைன்களில் எதிர்முனை அமெரிக்காவே அல்ல, பிலிப்பைன்ஸின் மணிலா. ஸ்பீச் ஆக்சென்ட் ஆர்க்கைவில் அந்நாட்டு மொழியான டகாலோக் பேசுபவர்களின் பதிவும் கிடைக்கிறது, அதையும் ஆறு பேரோடு ஏழாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். உரிமம் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கானது. தனி ஆள் கேட்டுப் பழகத் தடையில்லை, கட்டணம் வாங்கும் வகுப்பில் ஓட்டுவதற்கு முன் பயிற்சி நிலையம் அனுமதி கேட்க வேண்டும்.

எதை எப்போது கேட்பது என்பதற்குக் கடிகாரத்தையே வைத்துக்கொள்ளலாம். கோடையில் கிழக்குக் கரையின் காலை 8 மணி நமக்கு மாலை 5.30. ஷிப்ட் தொடங்கும்போது வருவது பாஸ்டன், நியூயார்க், பஃபலோ, அட்லாண்டா. ஆகவே கேபிலோ மெட்ரோவிலோ போகும்போது கேட்க வேண்டியது அவர்களை. 6.30-க்கு சிகாகோ, மினசோட்டா, அலபாமா, டெக்சஸ் திறக்கும். கலிபோர்னியா 8.30-க்குத்தான் கண் விழிக்கும், அதை டின்னர் ப்ரேக்கில் இரண்டு தரம் ஓட்டினால் போதும். நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் எல்லாவற்றோடும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.